பழைய எச்61 கம்ப்யூட்டரில் பிராசஸர் மாற்றுவது எப்படி?

அக்கா வீட்டு டெஸ்க்டாப் 2012இல் வாங்கியது. எச்61 மதர்போர்டு (எச்61 என்பது போர்டில் இருக்கும் இன்டெல் சிப்செட்டின் பெயர்), ஐ3-2100 பிராசஸர். இன்னும் ஓடுகிறது, ஆனால் பிரௌசரில் பத்து டேப் திறந்தால் மூச்சு வாங்கும். போன மாதம் அதில் ஒரு செகண்ட் ஹேண்ட் ஐ5-3470 போட்டோம். ஸ்க்ரூ டிரைவர் பிடித்த நேரம் அரை மணிகூட இல்லை. அதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவற்றுக்குத்தான் ஒரு மாலை முழுக்கப் போனது. பல வருடம் முன்பு முதல்முறை செய்தபோது அந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். அந்தக் கதை கீழே வருகிறது.

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் சிஸ்டத்தில் விண்டோஸ் இன்னும் ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறதா? அப்படியென்றால் முதலில் அதைவிட வேகமான ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள், ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும், பிராசஸரைத் தொட வேண்டியே இருக்காது. இன்னொன்று: பிராசஸர் மாற்றினால் விண்டோஸ் 11 வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை, ஒரு சிலதைத் தவிர, மைக்ரோசாஃப்ட் அதற்கான பிராசஸர் பட்டியலில் சேர்க்கவில்லை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. அக்கா வீட்டு சிஸ்டத்தில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன்.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது?

ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறங்கள். பிராசஸரின் பெயர், மதர்போர்டின் மாடல், பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) வெர்ஷனும் தேதியும் எல்லாம் அங்கேயே இருக்கும். மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எச்61 போர்டில் பிராசஸர் உட்காரும் இடம் எல்ஜிஏ 1155 சாக்கெட். 1155 என்பது உள்ளே இருக்கும் பின்களின் எண்ணிக்கை. இதில் இன்டெலின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிராசஸர்கள் மட்டுமே உட்காரும். அதாவது ஐ3, ஐ5, ஐ7க்குப் பிறகு வரும் நான்கு இலக்க எண் 2இல் அல்லது 3இல் தொடங்க வேண்டும். ஐ5-4570 வாங்கி வந்தால் அது 1150 சாக்கெட்டுக்கானது, உட்காராது. முதல் தலைமுறையின் 1156ம் அப்படித்தான். ஒரு பின்தானே வித்தியாசம் என்று அமுக்கிப் பார்க்க வேண்டாம், ஓரத்து வெட்டுகளே வேறு இடத்தில் இருக்கும்.

படி 2: எதை வாங்குவது?

ஐ3-2100இல் இருப்பது இரண்டு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் இரண்டு பகுதிகள். ஐ5-3470இல் நான்கு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், வேலை கூடும்போது டர்போவில் 3.6 வரை போகும், 77 வாட். ஐ7-3770இல் நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரு கோர் ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்க்கும்), அதே 77 வாட். வீடியோ எடிட்டிங் செய்பவர் ஐ7க்குப் போகலாம். மற்றவர்களுக்கு ஐ5 தாராளம். பெயரின் கடைசியில் 'கே' உள்ளதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், எச்61இல் ஓவர்கிளாக் செய்ய (வேகத்தை நாமே ஏற்றிவைக்க) முடியாது.

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ விலை குறைவாக ஜியான் ஈ3-1230 வி2 என்ற இன்டெலின் சர்வர் பிராசஸர் கண்ணில் படும். நல்ல பிராசஸர்தான். ஆனால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டில் அதைப் போட்டால் ஃபேன் சுற்றும், மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். ஐ5-3350பி மாதிரி 'பி' என்று முடிவதற்கும் இதே கதைதான்.

காசு கொடுக்கும் முன் போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான சிபியு (பிராசஸர்) ஆதரவுப் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் பிராசஸர் அதில் இருக்க வேண்டும். அதன் எதிரே எந்த பயாஸ் வெர்ஷன் முதல் ஓடும் என்றும் போட்டிருப்பார்கள். பெரிய நிறுவனங்கள் முழு செட்டாக விற்ற சிஸ்டங்களில் கூடுதல் கவனம் தேவை. சாக்கெட் பொருந்தினாலும் சிலவற்றின் பயாஸ் மூன்றாம் தலைமுறையை ஏற்காது.

படி 3: பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸ் அப்டேட்

எச்61 வந்தது 2011இல். மூன்றாம் தலைமுறை வந்தது 2012 ஏப்ரலில். ஆகவே பழைய பயாஸுக்குப் புது பிராசஸர் யாரென்றே தெரியாது. இது தெரியாமல்தான் அன்று நான் நேராகப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். டிஸ்ப்ளே வரவில்லை. ரேமை மாற்றி மாற்றிக் குத்தினேன். கேபிளைக் குறை சொன்னேன். விற்றவருக்கு போன் போட்டுக் கத்தவும் கத்தினேன். சாயங்காலம் பழைய பிராசஸரையே திரும்ப மாட்டி, பயாஸை அப்டேட் செய்து, மறுபடி கழற்றிப் புதியதைப் போட்டதும் முதல் முயற்சியிலேயே ஓடியது. விற்றவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

செய்யும் விதம் எளிது. உங்கள் மாடலுக்கான பயாஸ் ஃபைலை மட்டும் இறக்கி, எஃப்ஏடி32 ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் அப்டேட் வசதி வழியாக ஏற்றுங்கள். சில போர்டுகளில் இதை இரண்டு கட்டமாகச் செய்யச் சொல்வார்கள், அந்தக் குறிப்பைப் படிக்காமல் இறங்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். யுபிஎஸ் இல்லையென்றால் இரவல் வாங்குங்கள்.

படி 4: கழற்றுவது

சிஸ்டத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஆஃப் செய்யுங்கள், பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் காய்ந்த தெர்மல் பேஸ்ட் கொஞ்சம் இளகும். பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். கேபினட்டைப் படுக்க வைத்து, அதன் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுக் கை வையுங்கள்.

கூலர் ஃபேனின் வயரைக் கழற்றுங்கள். நான்கு மூலையிலும் கறுப்புத் தலைகள் இருக்கும், மேலே அம்புக்குறி செதுக்கியிருக்கும். அம்பு காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் விடும். பிறகு கூலரை இடம் வலமாக லேசாக அசைத்துத் தூக்குங்கள். (ஏஎம்டியின் ஏஎம்3, ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் நேராக இழுத்தால் பிராசஸரும் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கிக்கொண்டு வரும், ஜாக்கிரதை.)

சாக்கெட்டின் லீவரைக் கீழே அழுத்தி, வெளிப்பக்கம் தள்ளி, உயர்த்துங்கள். மூடி திறக்கும். பிராசஸரை ஓரங்களில் பிடித்து நேராக மேலே எடுங்கள். இப்போது தெரிவதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான இடம்: தலைமுடி போன்ற பின்கள். விரல், துணி, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் அங்கே படக்கூடாது. போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். எல்லாப் பின்களும் ஒரே சீராக மின்ன வேண்டும், ஒன்று மட்டும் வேறு மாதிரி மின்னினால் அது வளைந்திருக்கிறது.

படி 5: மாட்டுவது

பிராசஸரின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும். அது சாக்கெட்டில் உள்ள குறியோடு சேர வேண்டும். ஓரத்து இரண்டு வெட்டுகளும் பொருந்தினால் தானாக உட்கார்ந்துவிடும். அமுக்கவே தேவையில்லை. லீவரை மூடும்போது மட்டும் பலம் வேண்டும், 'கறக்' என்று ஒரு சத்தமும் கேட்கும். முதல்முறை கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும். அது இயல்பான சத்தம்தான்.

கூலரின் அடியில் இருக்கும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். கொரோனா காலத்தில் மிச்சமான சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். புதுப் பேஸ்ட் பிராசஸரின் நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு போதும். தோசை மாவு மாதிரி பரப்ப வேண்டியதில்லை, கூலரின் அழுத்தமே பரப்பிவிடும்.

கறுப்புத் தலைகளை அம்புக்கு எதிர்ப்பக்கம் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். நான்கு முறை 'டக்' கேட்க வேண்டும். மூன்றுதான் கேட்டது என்றால் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது, கழற்றி மறுபடி மாட்டுங்கள். அப்புறம் ஃபேன் வயரை மறக்காமல் செருகுங்கள்.

படி 6: ஆன் செய்வது

புது பிராசஸர் என்று சொல்லி எஃப்1 அழுத்தச் சில போர்டுகள் கேட்கும். பயாஸுக்குள் போய்ப் பெயரையும் வெப்பத்தையும் பார்த்துவிட்டு சேவ் செய்து வெளியே வாருங்கள். டிஸ்ப்ளே வரவில்லையென்றால் முதலில் சிபியு பவர் கேபிள் செருகியிருக்கிறதா பாருங்கள், பிறகு ரேமைக் கழற்றி மாட்டுங்கள், கடைசியாக போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் சிமோஸ் பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வையுங்கள், பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். டிஸ்ப்ளே வந்தும் இரண்டில் ஒரு ரேம் மட்டும் காட்டாவிட்டால் சாக்கெட் பின்னைச் சந்தேகப்படுங்கள்.

முழு வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். நம் ஊர் வெயிலில் 75 டிகிரி வரை போனால் கவலைப்பட வேண்டாம். 90ஐத் தொட்டால் அந்த நான்கு 'டக்'கில் ஒன்று குறைந்திருக்கிறது.

கழற்றிய ஐ3யை உடனே விற்றுவிடாதீர்கள். புதியது வந்த டப்பாவிலேயே போட்டு ஒரு மாதம் வைத்திருங்கள். ஏதாவது மக்கர் செய்தால், பிரச்சினை பிராசஸரிலா போர்டிலா என்று மாட்டிப் பார்க்க உங்களிடம் இருக்கும் ஒரே கருவி அதுதான். அக்கா வீட்டில் அது இப்போது பீரோவில், தையல் ஊசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.