ஸ்கிரேப்பியைத் தடுக்கக் கிடாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

செம்மறி ஆடுகளின் மூளையைச் சிதைத்துக் கொல்லும் ஸ்கிரேப்பி நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. உடலில் இயல்பாகவே உள்ள பிரியான் என்னும் புரதம் உருத்திரிவதால் வரும் இந்நோய், தொற்றிய பிறகு பெரும்பாலும் 2 முதல் 5 ஆண்டுகள் வரை அறிகுறி எதையும் காட்டாது. ஆகவே மந்தையில் எந்தக் கிடாவை இணைசேர்க்க விடுவது என்று முடிவு செய்யும்போதே தடுப்பும் தொடங்கிவிட வேண்டும்.

முதலில், கிடாக்களின் இரத்தத்தையோ காதுத் திசுவையோ கால்நடை மருத்துவர் வழியாக ஆய்வகத்துக்கு அனுப்பி, பிரியான் புரதத்துக்குரிய மரபணுவின் 136, 154, 171 ஆகிய கோடான்களை, அதாவது புரதத்தின் அந்தந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் வரவேண்டும் என்று சொல்லும் மரபணுப் பகுதிகளை, சோதிக்கச் சொல்லுங்கள். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு மூவெழுத்துக் குறியீடுகள் முடிவில் இருக்கும். ஒவ்வோர் எழுத்தும் அந்தந்த இடத்தில் உள்ள, புரதத்தின் கட்டுமான அலகான அமினோ அமிலத்தைக் குறிக்கும். 171-இல் ஆர்ஜினினைக் கொண்ட ஏஆர்ஆர் (ARR) வகையே வழக்கமான ஸ்கிரேப்பியை மிக வலுவாக எதிர்ப்பது. 136-இல் வேலினும் 171-இல் குளுட்டமினும் உள்ள விஆர்க்யூ (VRQ) வகையே மிக எளிதில் நோய்க்கு ஆளாவது. ஏஆர்க்யூ (ARQ) வகையை மட்டும் இனத்தோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். சஃபோக் இன ஆடுகளில் நோயுறுபவை பெரும்பாலும் இரண்டு குறியீடுகளும் ஏஆர்க்யூவாக உள்ளவையே.

விஆர்க்யூ உள்ள கிடாவை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். இரண்டும் ஏஆர்ஆராக உள்ள கிடாவை, இரண்டும் ஏஆர்க்யூவாக உள்ள பெட்டைகளோடு சேர்த்தால், எல்லாக் குட்டிகளுக்கும் ஓர் ஏஆர்ஆர் உறுதியாகக் கிடைக்கும். அந்தப் பெட்டைக்குட்டிகள் வளர்ந்தபின் மீண்டும் அத்தகைய, ஆனால் உறவில்லாத, கிடாவோடு சேர்ந்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகள் இரண்டு ஏஆர்ஆரும் பெறும். எதிர்ப்புத் தன்மையை மட்டுமே பார்த்து ஓரிரு கிடாக்களை நம்பி இருந்தால் நெருங்கிய உறவுக் கலப்பு மிகுந்து மந்தை நலியும்.

இம்முறையின் பெரிய பலன் பலரும் எண்ணிப் பார்க்காத ஓரிடத்தில் உள்ளது. நஞ்சுக்கொடி கருவிலிருந்து வளர்வது. அதனால் தாய் நோயுற்றிருந்தாலும், கரு தந்தையிடமிருந்து 171-இல் ஆர்ஜினினைப் பெற்றிருந்தால், அந்த நஞ்சுக்கொடியில் நோய்ப் பிரியான் சேர்வதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஈற்றுக் காலத்தில் நோய் பரவும் முதன்மையான வழி நஞ்சுக்கொடியும் ஈற்றுநீரும்தான் என்பதால், நல்ல கிடா ஒன்று பிறந்த குட்டியோடு சேர்த்து அதைச் சுற்றியுள்ள ஆடுகளையும் காக்கிறது.

ஆயினும் மரபணு தனியே நோயை உண்டாக்குவதில்லை. எளிதில் நோயுறும் வகைகள் இருந்தும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வழக்கமான ஸ்கிரேப்பி நிலைபெறவில்லை. எனவே நஞ்சுக்கொடியை உடனே அகற்றுவதையும், பெட்டைகளை நம்பகமான மந்தையிலிருந்தே வாங்குவதையும் கைவிடாதீர்கள். 1998-இல் நார்வேயில் கண்டறியப்பட்ட வேறுவகை ஸ்கிரேப்பி ஏஆர்ஆர் ஆடுகளிலும் தோன்றக்கூடும் என்பதால், நடை தடுமாறும் ஆடு எந்த மரபணு வகையாயினும் கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள். தாய், தந்தை இரண்டும் இரட்டை ஏஆர்ஆர் என்பதும் பெற்றோர் இன்னவை என்பதும் உறுதியானால், குட்டியை மீண்டும் சோதிக்கத் தேவையில்லை.