‘சரி’ என்பதற்கு நான்கு சொற்கள்: விமானியும் கோபுரமும் வானொலியில் பேசும் முறை

விமானப் பயிற்சிக்குச் செல்லும் நம் கடலூர், புதுச்சேரி மாணவர்கள் பலர் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் வானொலியில் பேச அஞ்சுவதற்குத் தங்கள் ஆங்கிலம் போதாது என்ற எண்ணமே காரணம். உண்மையில் அங்கே தேவைப்படுவது சரளமான ஆங்கிலம் அன்று. பொருள் மாறாமல் வரையறுக்கப்பட்ட சில தொடர்களும், கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பழக்கமுமே. தேநீர்க் கடையில் ‘ஒன்று சர்க்கரை இல்லாமல்’ என்று கேட்டவுடன் மாஸ்டர் அதையே உரக்கத் திருப்பிச் சொல்வதைக் கவனித்தவர்களுக்குப் பாதிப் பாடம் முன்பே தெரியும்.

முதல் படி, பொத்தானை அழுத்தும் முன் கேட்பது. குரல் தொடர்புக்கு விமானங்கள் பயன்படுத்தும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகள் ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒன்றாக அழுத்தினால் மற்றவர்களுக்குக் கீச்சொலிதான் கேட்கும். அலைவரிசை அமைதியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, யாரை அழைக்கிறீர்கள், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன வேண்டும் என்ற வரிசையில் பேசுங்கள். ‘சார்’ சேர்ப்பது நம் வளர்ப்பின் பழக்கம். வானொலியில் மரியாதை என்பது சுருக்கமாகப் பேசுவதுதான்.

இரண்டாம் படி, எழுத்துகளும் எண்களும். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பி’தான், இரைச்சலுள்ள வானொலியில் ஆங்கிலேயர் காதுக்கும் அவ்வாறே கேட்கும். அதனால்தான் முன்னதைப் ‘பிராவோ’ என்றும் பின்னதைப் ‘பப்பா’ என்றும் சொல்கிறார்கள். மூன்று ‘ட்ரீ’, ஐந்து ‘ஃபைஃப்’, ஒன்பது ‘நைனர்’. கடைசி இரண்டும் ஒன்றுபோல் ஒலித்துக் குழப்பாதிருக்கவே இந்த மாற்றம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வரும் வண்டிகளின் பதிவெண்களைப் படித்துப் பழகுங்கள். புதுச்சேரி வண்டி ‘பப்பா யாங்கீ ஜீரோ ஒன்’ என்று தொடங்கும். கடலூர் வண்டி ‘டேங்கோ நவம்பர் ட்ரீ ஒன்’. ஒரு வாரத்தில் நாக்கு பழகிவிடும். வண்டியை நீங்கள் ஓட்டும்போது மட்டும் இது வேண்டாம்.

மூன்றாம் படியில்தான் தமிழ் பேசுபவர் அதிகம் இடறுகிறார். கைப்பேசியில் நாம் சொல்லும் ‘சரி’க்குக் கேட்டேன், செய்கிறேன், ஆம், நீ சொன்னது பிழையில்லை என நான்கு பொருள்கள் உண்டு. வானொலியில் இவை தனித்தனிச் சொற்கள். ‘ராஜர்’ என்றால் உங்கள் கடைசிச் செய்தி முழுவதும் வந்து சேர்ந்தது என்பது மட்டுமே. அதில் சம்மதம் இல்லை. ‘வில்கோ’ என்றால் புரிந்தது, அவ்வாறே செய்வேன். ‘அஃபர்ம்’ என்றால் ஆம். ‘கரெக்ட்’ என்றால் நீங்கள் சொன்னது பிழையற்றது. ஆம் அல்லது இல்லை என்று பதில் வேண்டிய கேள்விக்கு ‘ராஜர்’ என்பவர், என் கருத்தில், பதிலே சொல்லாதவர்.

நான்காம் படி, திருப்பிச் சொல்லுதல். ஓடுதளம் பற்றிய அனுமதிகள், உயரம், திசை, வேகம், உயரம் காட்டும் கருவியில் வைக்க வேண்டிய காற்றழுத்த எண், விமானத்தை ராடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியின் எண் ஆகியவற்றை வெறும் ‘ராஜரால்’ ஏற்கக் கூடாது. கோபுரம் ‘ரன்வே ஜீரோ செவன், கிளியர்டு ஃபார் டேக்-ஆஃப்’ என்றால், விமானி அதை அப்படியே சொல்லி இறுதியில் தன் அழைப்புக்குறியை, அதாவது தன் விமானத்தின் வானொலிப் பெயரை, சேர்க்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் காதுகொடுத்துக் கேட்டு, பிழையிருந்தால் ‘நெகடிவ்’ என்று திருத்துவார்.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் பனிமூட்டத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் இறந்தனர். ஒரு விமானி, தாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருப்பதாகப் பொருள் தெளிவில்லாமல் சொன்னார்; கோபுரம் ‘ஓகே’ என்றது; தொடர்ந்து ‘காத்திருங்கள்’ என்று அது சொன்னபோது மற்ற விமானமும் பேசியதால், அந்த எச்சரிக்கை கீச்சொலியில் கலங்கியது. அதன்பின் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை, புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்வது என்றும், மற்ற நேரங்களில் ‘டிபார்ச்சர்’ என்பதே போதும் என்றும் முறை வந்தது.

காற்றழுத்த எண்ணை நம் கரைக்காரர்கள் எளிதில் உணரலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை நினைத்துப் பாருங்கள். அதுபோல் அழுத்தம் இறங்கும் நாளில், கோபுரம் ‘நைனர் நைனர் ஃபைஃப்’ என்று சொல்லியும் விமானி 1010 என்ற பழைய எண்ணையே, காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் கருவியில் வைத்திருந்தால், 15 ஹெக்டோபாஸ்கல் பிழையால் விமானம் கருவி காட்டுவதைவிட ஏறத்தாழ 400 அடி தாழ்வாகப் பறக்கும்.

கடைசியாக ஆபத்துச் சொற்கள். இவை புதுச்சேரிக்கு அந்நியமானவை அல்ல. ‘மேடே’ என்பது ‘எனக்கு உதவுங்கள்’ என்ற பொருளுள்ள பிரெஞ்சுத் தொடரின் ஒலியைத் தழுவி 1920களில் லண்டன் கிராய்டன் விமான நிலையத்தில் உருவானது. ‘பான்-பான்’ என்பதிலும் பழுது என்ற பிரெஞ்சுச் சொல்லே ஒலிக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ‘மேடே’ மூன்று முறை. அவசரம், ஆனால் உடனடி ஆபத்தில்லை என்றால் ‘பான்-பான்’ மூன்று முறை. பின்னர் அழைப்புக்குறி, நேர்ந்தது, செய்யப்போவது, இருக்குமிடம், உயரம் என்ற வரிசையில் சொல்ல வேண்டும். பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே சொல்லலாம். அங்கே பதில் இல்லாவிட்டால் 121.5 மெகாஹெர்ட்ஸ். டிரான்ஸ்பாண்டரில் 7700, வானொலியே பழுதானால் 7600. கடலூர்த் துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகில் கடல்சார் வானொலி இருந்தால், அதன் 16ஆம் சேனலிலும் இதே ‘மேடே’தான்.