முதல் யுகுலேலே: எந்தக் கடையை நம்பி வாங்கலாம்?

யுகுலேலே (கிட்டார் மாதிரி இருக்கும், நான்கு தந்திகள் கொண்ட சின்னக் கருவி) வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது, ‘எந்த பிராண்டு?’ முதல்முறை வாங்குகிறவர் அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘எந்தக் கடை?’

ஆரம்ப விலையில் கிடைக்கும் யுகுலேலேக்கள் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யப்பட்டு வருபவை. ஒரே பிராண்டு, ஒரே மாடல்தான். ஆனாலும் ஒன்று எடுத்ததுமே நன்றாகப் பேசும், இன்னொன்று விரலைப் படுத்தி எடுத்துவிடும். இந்த வித்தியாசத்தைச் சரிசெய்ய, விற்பதற்கு முன் யாராவது ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஓர் ஆள் இருக்கும் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: கடைக்குப் போகும் முன் கொஞ்சம் விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்

யுகுலேலேயில் வழக்கமான அளவுகள் நான்கு: சோப்ரானோ, கான்சர்ட், டெனர், பாரிடோன். மொத்த நீளம் ஏறத்தாழ 21, 23, 26, 30 அங்குலம். கடைகளில் ‘23 இஞ்ச்’ என்று சொன்னால் கான்சர்ட் என்று புரிந்துகொள்ளுங்கள். முதல் மூன்றுக்கும் வழக்கமான சுருதி, அதாவது நான்கு தந்திகளும் ஒலிக்க வேண்டிய ஸ்வரங்கள், ஜி, சி, ஈ, ஏ. பாரிடோன் மட்டும் பெரும்பாலும் டி, ஜி, பி, ஈ. ஆரம்பப் பாடங்கள் அநேகமாக எல்லாமே ஜி, சி, ஈ, ஏ சுருதியில் இருப்பதால் பாரிடோனை இப்போதைக்கு மறந்துவிடலாம். பெரியவர்களுக்கு என் ஓட்டு கான்சர்ட்டுக்குத்தான். ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்) நடுவே விரலுக்குத் தாராளமாக இடம் இருக்கும். சின்னக் கைகளுக்கு சோப்ரானோ போதும்.

அடுத்தது மரம். கடையின் நேர்மை முதலில் தெரிவது இங்கேதான். ‘ஆல் சாலிட்’ என்றால் முன், பின், பக்கவாட்டு எல்லாமே முழுப் பலகை. ‘சாலிட் டாப்’ என்றால் முன்பலகை மட்டும் முழுப் பலகை. மற்றது லேமினேட், அதாவது மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்த பலகை. வெறுமனே ‘மஹோகனி’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் எல்லாமே லேமினேட்தான். லேமினேட் ஒன்றும் மட்டமில்லை. வெயிலையும் ஈரத்தையும் தாங்கும், விலையும் குறைவு, முதல் யுகுலேலேவுக்கு அதுவே நல்லது. ஆனால் ‘இது சாலிடா, லேமினேட்டா?’ என்று கேட்கும்போது கடைக்காரர் மழுப்பினால் அங்கேயே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: பொம்மை விற்கும் இடங்களை ஒதுக்குங்கள்

பந்தும் பொம்மையும் விற்கும் கடையில் யுகுலேலேவும் இருந்தால், அது யுகுலேலே மாதிரி இருக்கும் வேறு ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். ஃப்ரெட்டுகள் சரியான இடத்தில் இருக்காது, தந்தியை முறுக்கும் ட்யூனிங் கீ நழுவிக்கொண்டே இருக்கும். குழந்தைக்குத்தானே, இது போதும் என்று வாங்காதீர்கள். சுருதி சேராத கருவியில் குழந்தைக்குத்தான் சீக்கிரம் சலித்துப்போகும். அதற்காகப் பளபளவென்று நிறம் பூசியதெல்லாம் பொம்மை என்றும் நினைக்க வேண்டாம். காலா நிறுவனத்தின் மகாலா டால்ஃபின் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் வரும், தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜே டால்ஃபின் வடிவில் இருக்கும்; ஆனால் அது வாசிப்பதற்கென்றே செய்த கருவி.

படி 3: இந்தக் கேள்வியைக் கேளுங்கள்

‘விற்பதற்கு முன் செட்டப் செய்து தருவீர்களா? அதில் என்னென்ன பார்ப்பீர்கள்?’

மற்ற எந்தக் கேள்வியையும்விட இதற்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் நான் கடையை எடைபோடுவேன். செட்டப் என்பது தந்திகளின் உயரத்தைச் சரிசெய்து, ஃப்ரெட் முனைகளின் கூர்மையைத் தேய்த்து, ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக விழுகிறதா என்று பார்ப்பது. நல்ல கடைக்காரர் இதைக் கேட்டதும் உற்சாகமாகிவிடுவார். ‘நட் பள்ளம் பார்ப்போம், சேடில் தேவைப்பட்டால் இறக்குவோம், 12ஆவது ஃப்ரெட்டில் உயரம் அளப்போம்’ என்று விவரமாகப் பேசுவார். (சேடில் என்பது பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் சின்னப் பட்டை.) செட்டப்புக்குத் தனிக்கட்டணம் கேட்டாலும் தவறில்லை. ‘அதெல்லாம் கம்பெனியிலேயே பண்ணித்தான் சார் வருது’ என்று பதில் வந்தால், பெட்டியைப் பிரிக்காமலே விற்கிறார்கள் என்று அர்த்தம்.

நட் ஏன் இவ்வளவு முக்கியம்? தலைப்பகுதியும் ஃப்ரெட்போர்டும் சேரும் இடத்தில் தந்திகள் பதிந்து வரும் சின்னக் கட்டைதான் நட். தொழிற்சாலையில் அதன் பள்ளங்களைக் கொஞ்சம் மேலோட்டமாகவே வெட்டி அனுப்புவது வழக்கம். ஆழமாக வெட்டிவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் உரசி இரையும், அப்புறம் நட்டையே மாற்ற வேண்டும். உயரமாக இருந்தால் யாராவது அரத்தால் இறக்கிக்கொள்ளலாம். அந்த ‘யாராவது’ இல்லாத கடையில் வாங்கினால், எஃப் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு) பிடிக்கும்போது தெரியும். ஈ தந்தியில் முதல் ஃப்ரெட், ஜி தந்தியில் இரண்டாவது ஃப்ரெட், மற்ற இரண்டும் திறந்தபடி, அதாவது அழுத்தாமல். நட் உயரமாக இருந்தால் அழுத்திய இரண்டு தந்திகளும் அதிகமாக இழுபட்டு சுருதி ஏறிவிடும். திறந்த இரண்டும் சரியாக இருக்கும். கேட்பதற்கு ஏதோ கசக்கும். புதிதாகக் கற்பவர் தன் விரல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாக அழுத்துவார், சுருதி இன்னும் ஏறும்.

படி 4: நேரில் போனால் எடுத்து வாசித்துப் பாருங்கள்

வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. போனில் சுருதியைக் காட்டும் ஒரு ட்யூனர் செயலி இருந்தால் போதும்.

முதலில் நான்கு தந்திகளையும் சுருதி சேர்த்துத் தரச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு தந்தியைத் திறந்தபடி மீட்டுங்கள். அதே தந்தியை 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டு முறையும் ட்யூனர் அதே எழுத்தைத்தான் காட்ட வேண்டும். முள் நடுவிலிருந்து ஒரு மயிரிழை நகர்ந்தால் விட்டுவிடலாம், நன்றாகவே தள்ளி நின்றால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். நான்கு தந்திகளிலும் இதைச் செய்யுங்கள்.

அடுத்து, இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுக்கு இருந்தால் நட் சரி. 12ஆவது ஃப்ரெட்டின் மேல், தந்தியை அழுத்தாமல், 2.5 முதல் 3 மி.மீ. வரை உயரம் இருந்தால் கைக்குச் சுகம். கழுத்தின் ஓரமாக விரலை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃப்ரெட் முனை குத்தக் கூடாது. பிரிட்ஜ் முன்பலகையோடு முழுக்க ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதையெல்லாம் நீங்கள் செய்யும்போது கடைக்காரர் முகத்தைக் கவனியுங்கள். பொறுமையாக நின்று அவரே இரண்டு மாடல்களை வாசித்துக் காட்டுகிறார் என்றால் அடுத்த முறை தந்தி மாற்றவும் அவரிடமே போகலாம். ‘வாங்கினால்தான் பெட்டியைத் திறப்போம்’ என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

படி 5: ஆன்லைனில் வாங்குவதானால்

பெயர்பெற்ற நிறுவனங்கள் பல, தங்கள் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்களைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். பெரிய சந்தைத் தளங்களில் வாங்கும்போது தளத்தின் பெயரை மட்டும் நம்பாமல், விற்பவர் யார் என்று பாருங்கள்; ஒரே பொருளின் கீழ் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரங்களைத் தாண்டிப் போய் நடுத்தரமானவற்றைப் படியுங்கள். ‘பார்சல் சீக்கிரம் வந்தது’ என்பது கூரியரைப் பற்றிய பாராட்டு. ‘விரிசலோடு வந்தது, மாற்றிக் கொடுத்தார்கள்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்தக் கடைக்கு என்னிடம் மதிப்பெண் கூடும்.

திருப்பி அனுப்பும் விதிகளில் மூன்று விஷயங்கள்: எத்தனை நாள் அவகாசம், அனுப்பும் செலவு யாருடையது, பெட்டியைத் திறந்து வாசித்துப் பார்த்தால் திருப்பி எடுப்பார்களா. கடைசியாகச் சொன்னதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்படியே செட்டப் கேள்வியையும் அனுப்பிவிடுங்கள். பணம் வாங்கும் முன்பே பதில் சொல்லாதவர்கள், வாங்கிய பிறகு சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. தனிநபர் கணக்குக்கு முன்பணம் கேட்டால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பை, ஸ்ட்ராப், ட்யூனர், கூடுதல் தந்தி எல்லாம் இலவசம் என்ற கூட்டுத்தொகுப்பு பார்க்க லாபமாகத் தெரியும். அந்த இலவசங்களின் விலை கருவியின் தரத்திலிருந்து கழிந்திருக்கலாம். பை உபயோகப்படும், மற்றதற்காகக் கடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

படி 6: கைக்கு வந்ததும்

பெட்டியைத் திறப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். பிறகு படி 4இல் உள்ள சோதனைகளை வீட்டிலேயே செய்யுங்கள். ஒன்றில் பதற வேண்டாம்: புதுத் தந்திகள் ஓரிரு வாரம் இழுபட்டுக்கொண்டே இருக்கும், காலையில் சேர்த்த சுருதி மாலையில் இறங்கியிருக்கும். இது பழுது இல்லை, எந்தக் கடையில் வாங்கினாலும் இப்படித்தான். ஆனால் 12ஆவது ஃப்ரெட் சுருதி தப்பினாலோ, ஒரு ஃப்ரெட்டில் மட்டும் விடாமல் கரகரத்தாலோ, பிரிட்ஜ் ஓரம் தூக்கியிருந்தாலோ உடனே கடைக்கு வீடியோவோடு எழுதுங்கள். நீங்களே அரம் எடுத்து நட்டில் கை வைத்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். அவகாசம் முடியும்வரை அட்டைப் பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.