கிட்டார் இரைச்சலைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலெக்ட்ரிக் கிட்டார் பழகும் மாணவர் ஒருவர், ஆம்ப்ளிஃபயரில் அவ்வப்போது உறுமல் வருவதாகவும், அதற்காகப் புதிய பிக்கப் (கம்பிகளின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் காந்தச் சுருள்) வாங்கப் போவதாகவும் சென்ற வாரம் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே காரியம்! கேபிளைச் சரியாகச் செருகாமல் விடுவது, கைப்பேசியை ஆம்ப் மீது வைப்பது போன்றவற்றை எவரும் தாமாகவே கண்டுகொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எப்போது வருகிறது என்று கவனிக்காமல் பணத்தைச் செலவிடுதல்

அப்போது திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். கோடை முழுவதும் வாய் திறக்காத கிட்டார், ஐப்பசி மழை தொடங்கியதும் மாலை வேளைகளில் உறுமத் தொடங்கியது. மழைக்காலத்தில் மட்டும் வருவதால் ஈரமே காரணம் என்று நானே முடிவு கட்டினேன். சென்னையின் கடற்காற்று, கிட்டாரில் கேபிள் செருகும் ஜாக்கையும் வால்யூம் குமிழின் உட்பகுதியையும் அரிப்பது உண்மைதான் என்பதால், அந்த முடிவில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது. கடைக்குக் கொண்டுபோனபோது இரைச்சல் வரவே இல்லை. இருந்தும் கடைக்காரர் பிக்கப் பழையதாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்றார், நானும் தலையாட்டினேன். ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கி வந்த அன்றிரவே பழைய உறுமல் திரும்பியது.

சுவரிலிருந்த மின்விசிறி ரெகுலேட்டரின் பக்கம் என் கவனம் போக மேலும் பத்து நாளாயிற்று. கோடையில் விசிறி எப்போதும் முழு வேகத்தில் ஓடியது. மழை பெய்து குளிர்ந்ததும் பாதியாகக் குறைத்துவிட்டேன். தடையின்றி வழுக்கிக்கொண்டு திரும்பும் வகை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டியே, அதாவது நொடிக்கு 100 முறை வெட்டியே, வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டில் எழும் மின் இரைச்சல் வயரிங் வழியே அறை முழுவதும் பரவ, ஒற்றைச் சுருள் பிக்கப் அதை ஆன்டெனா போல வாங்கிக்கொள்கிறது. நான் மாற்றிய பிக்கப்பும் ஒற்றைச் சுருள்தான். முழு வேகத்தில் வெட்டு ஏறக்குறைய இல்லை என்பதால் கோடையில் இரைச்சலும் இல்லை. டக் டக்கென்று படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் அலையை இப்படி வெட்டுவதில்லை. சில நூறு ரூபாயில் அதை மாட்டியதும் தொல்லை ஒழிந்தது. பணம் போனதைவிட, அந்தக் குமிழை ஒருமுறை திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லையே என்பதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

ஆகவே, இரைச்சல் வரும் நேரத்தையும், அப்போது ஓடும் விசிறி, எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர் ஆகியவற்றையும் நான்கைந்து நாட்கள் தாளில் குறித்து வையுங்கள். கிட்டாரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பும்போது ஒரு திசையில் உறுமல் அடங்கினால், பிக்கப் அதை வெளியிலிருந்து வாங்குகிறது என்று பொருள். கிட்டாரின் வால்யூமை முழுவதும் குறைத்த பிறகும் அடங்காவிட்டால் பிக்கப் மீது பழி போட வேண்டாம். ஜாக், கேபிள், பெடல் (காலால் மிதித்து ஒலியை மாற்றும் சிறு பெட்டி), ஆம்ப் என்று வரிசையாகப் பாருங்கள்.

தளர்ந்த ஜாக்கை வெளியிலிருந்தே முறுக்குதல்

நட்டை மட்டும் ஸ்பேனரால் திருகினால் உள்ளே ஜாக்கும் கூடவே சுழன்று, சால்டர் வைத்த கம்பியை முறுக்கி அறுத்துவிடும். தகட்டைக் கழற்றி, ஜாக்கை உட்புறம் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். கேபிளை அசைக்கும்போது வந்து வந்து போகும் கரகரப்பு பெரும்பாலும் இந்தக் கம்பியில்தான் பிறக்கிறது.

கிட்டார் கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதே என்று பதறுதல்

அது இயல்பு. தொட்டால் கூடுகிறது என்றால்தான் எர்த் இணைப்பைச் சோதிக்க வேண்டும்.

எர்த் பின்னை ஒடித்தல்

ஆம்ப் பிளக்கின் தடித்த மூன்றாம் பின்னை நீக்கினால் சிலவகை உறுமல் நின்றுவிடும் என்பதால், இதை ஒரு தந்திரமாகவே சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பின்னர் ஆம்பினுள் கோளாறு ஏற்பட்டால் 230 வோல்ட் மின்சாரம் கேபிளின் உறை வழியே கிட்டார் கம்பிகளுக்கே வந்துவிடும். ஒரு கை அவற்றின் மீதிருக்க, உதடு மைக்கில் பட்டால் உயிர் போகலாம். ஒடிக்கவே கூடாது.

எல்லாப் பெடல்களையும் ஒரே மலிவு அடாப்டரில் தொடுத்தல்

ஒவ்வொன்றாக 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் அடாப்டரை மாற்றுங்கள்.