பொம்மை லாரியின் உறுமல்: ஒலி அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிஜ லாரியில் பதினான்கில் ஒரு பங்கு (1:14) அளவுள்ள, ரிமோட்டில் ஓடும் டமியா நிறுவன மாடல் லாரியில், இன்ஜின் சத்தம் எழுப்பும் ஒலிக் கருவியைப் பொருத்திவிட்டு, 'இன்னும் பொம்மை மாதிரியே கத்துகிறதே' என்று நொந்துகொள்பவர்கள் உடனே வேறொரு ஒலிப்பதிவைத் தேடிப் போகிறார்கள். பதிவு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். சத்தமும் சக்கரமும் ஒத்துப்போகாததுதான் கோளாறு.

நிஜ லாரியில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முதலில் இன்ஜின் உறுமும். பல டன் எடை அதன் பிறகே நகரும். மாடலிலோ மின்மோட்டார் சட்டென்று பாய்ந்துவிடும், உறுமல் மூச்சிரைக்கப் பின்னால் வரும். மோட்டாரை இயக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் முடுக்கத்தை மெதுவாக்குங்கள். பாதிப் பொய்த்தன்மை அங்கேயே போய்விடும்.

ரிமோட்டின் நடுநிலையை முதலில் சரிசெய்யாமல் ஒலி அமைப்பில் கைவைக்காதீர்கள். ரிமோட்டின் குச்சி நடுவில் இருக்கும்போது லாரியிலுள்ள ரிசீவர் தரும் மின்துடிப்பின் நீளம் வழக்கமாக 1,500 மைக்ரோ விநாடி. அந்த நடுநிலையை நுணுக்கமாக நகர்த்தும் டிரிம் சற்றே விலகியிருந்தாலும் நிற்கிற லாரி இரைந்துகொண்டே இருக்கும். நின்றதும் வரவேண்டிய ஏர் பிரேக்கின் சீறலும் வராது.

வேகம் கூடும்போது இன்ஜின் ஒலியின் சுருதியை எவ்வளவு ஏற்றலாம்? ஆறு சிலிண்டர், நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றில் நின்றபடி ஓடும்போது விநாடிக்கு 30 வெடிப்புகள். கனரக இன்ஜின் சுமார் 2,000 சுற்றைத் தாண்டுவது அரிது. ஆக, ஏற்றம் ஏறக்குறைய மூன்று மடங்குதான். ஆர்வக்கோளாறில் நான் ஐந்து மடங்கு வைத்தேன்; எதிர்வீட்டுச் சிறுவன் 'இது மொபெட்டா, அங்கிள்?' என்று கேட்டான். மூன்று கியர் பெட்டி உள்ள மாடலில் இன்னொரு தொல்லை: ஒலிக் கருவி தன் போக்கில் போலிக் கியர் மாற்றினால், நீங்கள் மாற்றுவது ஒன்று, காதில் விழுவது வேறொன்று.

விநாடிக்கு 30 வெடிப்பு என்றால் 30 ஹெர்ட்ஸ்; ஒரு சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது என்பது உண்மைதான். அதற்காக பாஸை ஏற்றினால் கூம்பு கடகடக்கும், அவ்வளவுதான். ஸ்பீக்கரை வெறுமனே சட்டத்தில் திருகிவிடுவது அதைவிடப் பெரிய தவறு: முன்பக்க அலையைப் பின்பக்க அலை தின்றுவிடும். காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் அடையுங்கள். மாடலின் டீசல் டேங்க்கே அருமையான பெட்டி.

எச்சரிக்கை ஒலிகளில் நாடு மாறிவிடக் கூடாது. ஜெர்மன் தீயணைப்பு வண்டிக்கு ஏறி இறங்கும் அமெரிக்க ஊளை பொருந்தாது. அங்கே டிஐஎன் 14610 என்ற ஜெர்மன் தர விதிப்படி 360 முதல் 630 ஹெர்ட்ஸுக்குள் இரண்டே சுருதிகள். இடைவெளி 3:4, நம் சட்ஜத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் உள்ளதே. ரிவர்ஸ் 'பீப்' இன்னும் குறும்பானது. பல கட்டுப்பாட்டுக் கருவிகளில் குச்சியை முதல் முறை பின்னே இழுத்தால் பிரேக். மையத்துக்கு வந்து மறுபடி இழுத்தால்தான் ரிவர்ஸ். ஒலிக் கருவிக்கும் அதே முறையைச் சொல்லித் தராவிட்டால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னால் போகிற லாரி 'பீப்' அடிக்கும்.

கம்பிகளில் இரண்டு கவனம். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் தானே இயக்கும் பாலம் வகை (பிரிட்ஜ்) ஆம்ப்ளிஃபையரில், ஸ்பீக்கரின் எந்த முனையையும் பேட்டரியின் எதிர்முனையோடு (மைனஸ்) இணைக்கக் கூடாது, ஆம்ப்ளிஃபையர் கருகலாம். ஹாரன் அடிக்கும் கணத்தில் ரிசீவர் அணைந்து எழுந்தால் ரிசீவரின் மீது பழி போடாதீர்கள். ஒலிக் கருவிக்குப் பேட்டரியிலிருந்தே தனி மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன் அது எத்தனை வோல்ட் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.