குறுங்குழல் ரைபிள்: குழல் நீளத்தைத் தேர்வதும் சட்டப்படி பெயர் பொறிப்பதும்

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின்படி, குழல் 16 அங்குலத்துக்குக் குறைவாகவோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைவாகவோ உள்ள ரைபிள் எதுவும், பதிவைக் கட்டாயமாக்கும் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அச்சட்டத்தின் முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இடம்பெற்றிருந்தன. ரைபிளை வெட்டிக் குறுக்கி அந்தக் கட்டுப்பாட்டைச் சுற்றிச் செல்வதைத் தடுக்கவே நீள வரம்பும் சேர்க்கப்பட்டது. பின்னர் கைத்துப்பாக்கிகளை நீக்கிவிட்டார்கள், வரம்பை மட்டும் விட்டுவைத்தார்கள். இன்று அதில் பெரிய தர்க்கம் எதுவும் எஞ்சியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் மீறினால் பத்து ஆண்டுகள் வரை சிறை என்பதால், அதை எழுத்துக்கு எழுத்து மதிப்பதே அறிவுடைமை.

2026 ஜனவரி 1 முதல் இவ்வகை ரைபிளுக்கான 200 டாலர் வரி இல்லை. வரி போனதே தவிர, பதிவு போகவில்லை. கைரேகை, புகைப்படம், உள்ளூர்க் காவல் தலைமைக்கு அறிவிப்பு ஆகியவற்றுடன் படிவம் 1ஐ, துப்பாக்கிச் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் கூட்டரசு அமைப்பான ஏடிஎஃப் பணியகத்துக்கு அனுப்பி, ஒப்புதல் கையில் கிடைத்த பிறகே ரைபிளை உருவாக்க வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, ஹவாய் போன்ற மாநிலங்கள் இவற்றைப் பொதுமக்களுக்கு அனுமதிப்பதில்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, எந்தத் துப்பாக்கியையும் வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் தடை விதிக்கிறது. நிரந்தரக் குடியிருப்பு உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

சட்டத்தின் பார்வையில் பதிவு பெறுவது துப்பாக்கியின் மைய உடற்பகுதியான ரிசீவர்தான். குழல் கழற்றி மாட்டக்கூடிய உதிரிப்பாகம். ரிசீவரில் பொறித்த எழுத்து அழியாது, குழலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே பொறிப்பில் காட்டும் கவனம், நீளத்தில் காட்டும் கவனத்தைவிட ஒரு படி கூடுதலாக இருக்க வேண்டும்.

முதலில் நீளத்தை எப்படி அளப்பது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். துப்பாக்கியில் தோட்டா எதுவும் இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டை (குழலின் பின்வாயை அடைக்கும் பாகத்தை) முழுவதும் மூடிய நிலையில், குழல் வாயின் வழியாக ஒரு கம்பியைப் போல்ட் முகப்பைத் தொடும்வரை நுழைத்து, வாய் விளிம்பில் அடையாளமிட்டு, வெளியே எடுத்து அளக்க வேண்டும். குழல் முனையில் திருகி மாட்டும் கருவி கணக்கில் சேராது. முழுச் சுற்றும் பற்றவைத்தோ, உயர்வெப்ப வெள்ளிப் பற்றாசு கொண்டோ, துளையிட்டு ஊசி செருகி அதன் தலையை வெல்டிங்கால் மூடியோ நிலையாக்கப்பட்ட கருவி மட்டுமே சேரும். 14.5 அங்குலக் குழலில் பொருத்தமான கருவியை இவ்வாறு நிலையாக்கி 16 அங்குலத்தை எட்டுவோர் பலர். அவர்களுக்குப் பதிவே தேவையில்லை. அரை மனத்துடன் இருப்பவர்களுக்கு நான் சொல்வது அந்த வழியைத்தான்.

பதிவு செய்வதென்று முடிவானால், நீளத்தைத் தோட்டாவே தீர்மானிக்கட்டும். ஏஆர்-15 வகை ரைபிள்களில் வழங்கும் 5.56 தோட்டா 20 அங்குலக் குழலை மனத்தில் வைத்து உருவானது. குழலில் குறையும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் வினாடிக்கு ஏறத்தாழ 25 முதல் 50 அடி வேகம் இழக்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, சுட்டதும் எழும் வாயுவைக் குழலிலுள்ள துளை வழியாக எடுத்துப் போல்ட்டை இயக்கும் வாயு அமைப்பு. கார்பைன் நீளம் எனப்படும் குட்டையான வாயு அமைப்பில், குண்டு வாயுத் துளையைக் கடந்த பிறகு 10.3 அங்குலக் குழலில் அதற்கு ஏறத்தாழ இரண்டரை அங்குலப் பயணமே மிஞ்சுகிறது. அந்தச் சிறு நேரத்துக்குள் போல்ட்டை இயக்கப் போதிய வாயு வேண்டுமென்பதால் துளையைப் பெரிதாக்குகிறார்கள். அதன் விளைவாக ஓசை அடக்கியை மாட்டியதும் வாயு முகத்தில் அடிக்கிறது, இயக்கமும் முரடாகிறது. 11.5 அங்குலத்தில் அந்தப் பயணம் கூடுவதால் இயக்கம் கணிசமாக நம்பகமாகிறது. 10.3, 10.5 ஆகியவற்றைத் தோற்றத்துக்காகவே பலர் தேர்கிறார்கள் என்பது என் எண்ணம், 5.56க்கு 11.5 அல்லது 12.5 அங்குலத்தைப் பரிந்துரைப்பேன். .300 பிளாக்அவுட் தோட்டாவின் கதை வேறு: அதன் வெடிமருந்து 9 அங்குலக் குழலுக்குள் பெரும்பாலும் எரிந்துவிடுவதால், அந்த நீளத்தில் இழப்பு சிறிது.

இனி பொறிப்பு. ரைபிளை நீங்களே குறுக்கி அமைத்தால், சட்டத்தின் முன் நீங்களே அதன் 'உருவாக்குநர்'. மூல நிறுவனம் இட்ட வரிசை எண், மாடல், காலிபர் (தோட்டா அளவு) ஆகியவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். உங்கள் பெயர், ஊர், மாநிலம் ஆகியவற்றைக் கூடுதலாகப் பொறிக்க வேண்டும். துப்பாக்கியை வைத்திருக்கச் சட்டப்படி அமைக்கும் டிரஸ்ட் ஒன்றின் பெயரில் விண்ணப்பித்திருந்தால் டிரஸ்டின் பெயரைத்தான் பொறிக்க வேண்டும் என்பதால், டிரஸ்டுக்குச் சிறிய பெயர் வைப்பது நல்லது. மாநிலத்தை அங்கீகரிக்கப்பட்ட சுருக்கமாக எழுதலாம். 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதிக்குப் பின், இவற்றைக் குழலில் இடாமல் ரிசீவரிலேயே இடுவதுதான் முறை.

ஆழம் குறைந்தது 0.003 அங்குலம், அதாவது 0.08 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. வரிசை எண்ணின் எழுத்து உயரம் குறைந்தது 1/16 அங்குலம். ஆழத்தை உலோகத்தின் சமதளத்திலிருந்து அளக்க வேண்டும்; பொறிக்கும்போது விளிம்பில் எழும் மேடு கணக்கில் வராது. மேற்பூச்சை மட்டும் எரித்தெடுக்கும் மெல்லிய லேசர் வேலை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இந்த ஆழத்தை எட்டாது. ஆகையால் பொறிப்பாளரிடம் ஆழத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பூச்சு அடிப்பதாக இருந்தால், அதற்குச் சற்று இடம்விட்டு ஆழமாகவே பொறிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் பொறிப்பு வீணாகும் என்பதால், ஒப்புதல் வந்த பின், குறுங்குழலை மாட்டுவதற்கு முன் இதைச் செய்வதே சரியான வரிசை. உரிமம் பெற்ற நிறுவனம் ஏற்கெனவே குறுங்குழலுடன் தயாரித்துப் பதிவு செய்ததைப் படிவம் 4 வழியாக வாங்குபவர் எதையும் பொறிக்க வேண்டியதில்லை.

ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் காலத்தில் குறுங்குழலை வாங்கி ரைபிளின் பக்கத்திலேயே வைத்திருப்பது வழக்கறிஞருக்கு வேலை தரும் பழக்கம். குறுங்குழலை மாட்டச் சட்டப்பூர்வமான வேறு துப்பாக்கி இல்லாதவர், ஒப்புதல் வரும்வரை வாங்காமலிருப்பது நல்லது. பதிவான பின் குழலைத் தற்காலிகமாக மாற்றலாம்; மாற்றம் நிலையானதென்றால் பணியகத்துக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள். மாநில எல்லையைத் தாண்டி ரைபிளை எடுத்துச் செல்வதற்கு 5320.20 எண்ணுள்ள படிவத்தில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும், சேரும் மாநிலத்தின் சட்டமும் அதற்கு இடம்தர வேண்டும்.