சீக்குக் கோழி: சொல்லிப் பழகச் சில படிகள்

தஞ்சாவூர்ப் பக்கம் வந்து தமிழ் பேசிப் பழகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஏண்டா சீக்குக் கோழியாட்டம் உக்காந்திருக்கே?" என்று யாராவது கேட்டால் திகைக்க வேண்டாம். சோர்ந்து முடங்கியிருப்பவரைப் பார்த்துக் கேட்பது அது. அதைப் புரிந்துகொண்டு சொல்லிப் பழக நான்கு படிகள் போதும்.

படி 1: கோழியைப் பாருங்கள்.
கோடையில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தால் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கொல்லைகளில் இதைக் காணலாம். மற்றதெல்லாம் குப்பையைக் கிளற, ஒன்று மட்டும் வேலியோரம் நிற்கும். இறகு சிலிர்த்திருக்கும், இறக்கை தொங்கும், கழுத்து உள்ளே இழுத்திருக்கும், கண் பாதி மூடியிருக்கும். அரிசியை இறைத்தாலும் தலை நிமிராது. இந்தக் காட்சி மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 2: சொல்லைப் பிரியுங்கள்.
சீக்கு என்றால் நோய். ஆங்கிலத்து 'சிக்' நம் வாயில் நீண்டு சீக்கானது. அடிக்கடி நோயில் படுத்துக்கொள்பவர் சீக்காளி.

படி 3: பக்கத்துச் சொற்களோடு குழப்பாதீர்கள்.
இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எப்போதுமே மெலிந்து, வலுவில்லாமல் இருப்பவன் நோஞ்சான். தாய் அடுத்த பிள்ளையை உண்டாகி, பால் குறைந்ததால் வாடும் குழந்தை சவலை. (இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் குறைந்து நிற்கும் வெண்பாவுக்கும் சவலை வெண்பா என்றே பெயர். எவ்வளவு பொருத்தம்!) சீக்குக் கோழி என்பது அன்றைய கோலத்தைச் சொல்வது. நேற்றுவரை வரப்பில் துள்ளி நடந்த வாட்டசாட்டமான ஆளும் இன்று துண்டைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் முடங்கினால் சீக்குக் கோழிதான்.

படி 4: ஆள் பார்த்துச் சொல்லுங்கள்.
தம்பி, மகன், உற்ற நண்பன் என்றால் தாராளமாகச் சொல்லலாம். என் அம்மாச்சி புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "ஏன்யா, சீக்குக் கோழியாட்டம் சுருண்டு கெடக்கே? எந்திரி, மொளகு ரசம் வச்சுத் தாரேன்" என்பார். அந்த ரசமும் சேர்ந்ததுதான் இந்தச் சொல். வெறுமனே சொல்லிவிட்டு நகர்ந்தால் கேட்பவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

பெரியவர்களிடம் வேண்டாம். "என்ன மாமா, மொகம் வாட்டமா இருக்கு?" என்று கேளுங்கள். நிஜமாகவே நோயில் படுத்திருப்பவரிடம் இந்தச் சொல்லை எடுக்கவே கூடாது. அவரிடம் "ராத்திரி தூங்குனீங்களா?" என்று கேட்டுப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.